செடிக்கு முதலில் நிழல், பிறகு தண்ணீர்

2024 மார்ச்சில் பெங்களூரு குடிநீர் வாரியம் ஓர் உத்தரவு பிறப்பித்தது. கார் கழுவ, கட்டடம் கட்ட, அலங்கார நீரூற்று இயக்க, தோட்டத்துக்குப் பாய்ச்ச என எதற்கும் குடிநீரைப் பயன்படுத்தக் கூடாது. மீறினால் 5,000 ரூபாய் அபராதம். தொடர்ந்து மீறினால் நாளொன்றுக்குக் கூடுதலாக 500 ரூபாய். ஆழ்துளைக் கிணறுகள் ஆயிரக்கணக்கில் வற்றி, டேங்கர் லாரிக்காக அடுக்குமாடிவாசிகள் காத்துக் கிடந்த நேரம் அது. உத்தரவில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அடுத்து வந்த ஏப்ரலில் நகர வானிலை நிலையத்தில் மழை பதிவாகவே இல்லை. 1983க்குப் பிறகு அப்படியொரு ஏப்ரலை இந்நகரம் கண்டதில்லை. 2025 பிப்ரவரியில் அதே தடை திரும்பவும் வந்தது. இரண்டு கோடைகளிலும் வீட்டுத் தோட்டக்காரர்களிடையே நடந்த பேச்சு ஒன்றுதான்: செடிக்குத் தண்ணீர் எங்கிருந்து கொண்டுவருவது? அரிசி களைந்த நீர், ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீர், காய்கறி அலசிய நீர் என்று யோசனைகள் குவிந்தன. எல்லாமே நல்ல யோசனைகள்தான். ஆனால் இதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டிய ஒரு கேள்வியை யாரும் கேட்கவில்லை: இந்தச் செடிக்கு இவ்வளவு தண்ணீர் ஏன் தேவைப்படுகிறது?

வேர் எவ்வளவு நீரை உறிஞ்ச வேண்டும் என்பதைப் பெரும்பாலும் மேலே காயும் வெயிலும் பக்கவாட்டில் வீசும் காற்றுமே முடிவுசெய்கின்றன. அவை இரண்டும் இலையிலிருந்து நீரைப் பறிக்கும் வேகத்துக்கு வேர் ஈடுகொடுக்க வேண்டும். முடியாதபோது செடி வாடுகிறது. வாடிய செடிக்கு நாம் தண்ணீர் ஊற்றுகிறோம். பறிக்கும் கை அப்படியே இருக்க, கொடுக்கும் கையை மட்டும் நீட்டிக்கொண்டே போகிறோம். பெங்களூருவின் மொட்டைமாடிகளிலும் பால்கனிகளிலும் ஒவ்வொரு கோடையிலும் செடிகள் கருகுவதற்கு முதன்மைக் காரணம் தண்ணீர்ப் பஞ்சம் என்று நம்புவது பாதி உண்மை. மீதிப் பாதி, வெயிலையும் காற்றையும் தடுப்பதைத் தோட்டக்கலையின் கடைசி அலங்காரமாக நாம் வைத்திருப்பது. அதை முதல் வேலையாக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். குடும்பத்துக்கும் குடியிருப்போர் சங்கத்துக்கும் அரசுக்கும் இது ஒன்றுபோலப் பொருந்தும்.

பெங்களூருவுக்கா இந்தக் கவலை என்று சென்னையிலும் மதுரையிலும் இருப்பவர்கள் சிரிக்கக்கூடும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். மின்விசிறியே தேவைப்படாத ஊர் என்று பெயரெடுத்த ஊர். ஆனால் மனித உடம்புக்கு இதமாக இருப்பதும் இலைக்கு இதமாக இருப்பதும் வேறு வேறு. உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் புற ஊதாக் கதிரின் வலிமை சுமார் பத்து விழுக்காடு கூடும். அதைவிட முக்கியம் காற்றின் வறட்சி. மார்ச் மாதப் பிற்பகல்களில் இங்கே ஈரப்பதம் 30 விழுக்காட்டுக்குக் கீழே இறங்குவது சாதாரணம். கடலோரச் சென்னையில் 35 டிகிரி வெயிலில் நிற்கும் செடியைச் சுற்றி ஈரக்காற்று இருக்கிறது. நமக்கு அது புழுக்கம், இலைக்கு அது ஒரு போர்வை. பெங்களூருவின் 34 டிகிரியில் அந்தப் போர்வை இல்லை. நமக்கு வியர்க்காத அதே காற்றுதான் இலையை உறிஞ்சி எடுக்கிறது. வெயிலின் அளவும் பழைய கதையாக இல்லை. 2016 ஏப்ரலில் 39.2 டிகிரி, 2024 ஏப்ரல் 28 அன்று 38.5 டிகிரி என்று வெப்பமானி ஏறியிருக்கிறது.

ஊரின் உடம்பும் மாறிவிட்டது. இந்திய அறிவியல் கழகத்தின் டி.வி. ராமச்சந்திரா குழுவினர் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு செய்த கணக்கின்படி, 1973இல் நகரப் பரப்பில் 68 விழுக்காடு பசுமையாகவும் 8 விழுக்காடு கட்டடங்களாகவும் இருந்தது. 2010களின் முடிவுக்குள் கட்டடப் பரப்பு நான்கில் மூன்று பங்கைத் தாண்டிவிட்டது. மரமுள்ள தெருவுக்கும் மரமில்லாத் தெருவுக்கும் என்ன வேறுபாடு என்பதைச் சூழலியலாளர் ஹரிணி நாகேந்திராவும் உடன் ஆய்வாளர்களும் இதே நகரில் அளந்து 2013இல் வெளியிட்டார்கள். மர நிழலில் காற்றின் வெப்பம் 5.6 டிகிரி வரையிலும், தார்ச்சாலைப் பரப்பின் வெப்பம் 27.5 டிகிரி வரையிலும் குறைந்திருந்தது. தார்ச்சாலைக்குப் பொருந்தும் இந்தக் கணக்கு மொட்டைமாடி சிமென்ட் தளத்துக்கும் பெரும்பாலும் பொருந்தும். அந்தத் தளத்தின் மேல்தான் நாம் கறுப்பு வளர்ப்புப் பைகளை வரிசையாக வைத்துத் தக்காளி வளர்க்கிறோம்.

இலைக்குள் நடப்பதைச் சற்றுப் பார்த்தால் நிழலின் அருமை விளங்கும். உச்சிவெயிலின் வெளிச்சம் சுமார் ஒரு லட்சம் லக்ஸ். தக்காளி, மிளகாய், கத்தரி, ரோஜா போன்ற பெரும்பாலான தோட்டச் செடிகளில் ஓர் இலை தன் உணவைத் தயாரிக்க அதில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை இருந்தால் போதும். அதற்கு மேல் விழும் ஒளி உணவாக மாறாமல் வெப்பமாகத் தங்குகிறது. அந்த வெப்பத்தை இறக்கத்தான் இலை நீரை ஆவியாக்குகிறது. நீர் போதாதபோது இலைத்துளைகளை மூடிக்கொள்கிறது. மூடினால் ஆவியாதல் நிற்கும், இலை சூடேறும், பச்சையம் வெளுக்கும், ஓரம் பழுப்பாகும். துளை மூடியிருக்கும் நேரத்தில் உணவுத் தயாரிப்பும் படுத்துவிடும். வெயிலில் நிற்பதால் செடி நன்றாக வளர்கிறது என்று நாம் நினைக்கும் அந்தப் பன்னிரண்டு மணி முதல் மூன்று மணி வரையிலான பொழுதில் அது வேலைநிறுத்தம் செய்துகொண்டிருக்கிறது. பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் தக்காளியின் மகரந்தம் வீரியமிழந்து பூக்கள் உதிர்கின்றன. அப்போது எத்தனை வாளி ஊற்றினாலும் காய் பிடிக்காது. நடுப்பகலில் தொங்கி மாலையில் தானாக நிமிரும் செடி தண்ணீர் கேட்கவில்லை, நிழல் கேட்கிறது. அதைப் புரிந்துகொள்ளாமல் ஈரமான மண்ணில் மேலும் ஊற்றுவதால் வேர் மூச்சுத் திணறி அழுகிய தொட்டிகள் ஏராளம்.

காற்றின் கதை இன்னும் குறைவாகவே பேசப்படுகிறது. ஒவ்வோர் இலையின் மேலும் ஈரமான காற்றுப் படலம் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். உலர்ந்த காற்று வேகமாக வீசும்போது அது அடித்துச் செல்லப்படுகிறது, ஆவியாதல் கூடுகிறது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்ற பழமொழியைப் பெங்களூருவில் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவத்தின் மேலைக்காற்று இந்த மேட்டுநிலத்தை விடாமல் வருடிக்கொண்டிருக்கும். வானம் மூடியிருப்பதாலும் தூறல் விழுவதாலும் நாம் தண்ணீர்க் குழாயை மறந்துவிடுகிறோம். இலைகளின் குடையால் தொட்டிக்குள் தூறல் இறங்காது. காற்று மட்டும் நாள் முழுக்க இலையைக் காயவைக்கும். மழைக்காலத்தில் செடி காய்ந்துபோன புதிருக்கு விடை இதுதான். உயரம் கூடக் கூடக் காற்றின் வேகமும் கூடும் என்பதால் பத்தாவது மாடிப் பால்கனிக்கும் தரைத்தளத் தோட்டத்துக்கும் ஒரே அறிவுரை செல்லாது. ஏப்ரல், மே மாதங்களில் மாலை இடிமழைக்கு முன் திடீரென வீசும் சூறைக்காற்று தனி ரகம். பப்பாளியை முறிப்பதும் தொட்டிகளை உருட்டுவதும் அதன் வேலை.

இனி ஒரு கணக்கு. ஒரு லிட்டர் நீரை ஆவியாக்க ஏறக்குறைய 0.68 யூனிட் மின்சாரத்துக்கு ஈடான வெப்பம் வேண்டும். ஏப்ரல் மாதப் பெங்களூருவில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு நாளில் விழும் வெயில் சுமார் ஆறரை யூனிட். அதில் ஒரு பகுதி எதிரொளித்தும் காற்றைச் சூடாக்கியும் போக, அடர்த்தியாக வளர்ந்த செடிகள் உள்ள ஒரு சதுர மீட்டரிலிருந்து நாளொன்றுக்கு 5 முதல் 6 லிட்டர் நீர் ஆவியாகப் போகும். 20 சதுர மீட்டர் மாடித் தோட்டம் என்றால் 100 முதல் 120 லிட்டர். நகர்ப்புறத்தில் ஒரு மனிதருக்கு ஒரு நாள் தேவையாக நம் நாட்டில் திட்டமிடுவது 135 லிட்டர் என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நடுத்தர மாடித் தோட்டம் ஒன்று வீட்டுக்கு வந்த இன்னோர் ஆள் என்பது தெரியும். மேலே விழும் ஒளியில் பாதியைத் தடுத்து, மேற்குக் காற்றின் வேகத்தையும் தணித்து, அதன்மூலம் ஆவியாதலில் மூன்றில் ஒரு பங்கை மிச்சப்படுத்தினாலே நாளொன்றுக்கு 35 லிட்டர் மீதம். மாதத்துக்கு ஆயிரம் லிட்டர். டேங்கருக்குப் பணம் கொடுத்தவர்களுக்கு இந்த ஆயிரம் லிட்டரின் பொருள் தெரியும்.

எந்தப் பக்கம் தடுப்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். புத்தகங்களிலும் காணொளிகளிலும் வரும் அறிவுரை பெரும்பாலும் குளிர்நாட்டுக்கு எழுதப்பட்டது. அங்கே தெற்குப் பக்கம் எப்போதும் வெயில், வடக்குப் பக்கம் எப்போதும் நிழல். பெங்களூரு 13 டிகிரி வட அட்சரேகையை ஒட்டி இருக்கிறது. ஏப்ரல் 24 அல்லது 25, ஆகஸ்ட் 18 ஆகிய இரு நாட்களில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வந்து நிழலே இல்லாமல் போகும். இவ்விரு நாட்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் நண்பகல் சூரியன் நமக்குச் சற்று வடக்கே நிற்கிறது. ஆகவே மே மாதத்தில் தெற்குப் பால்கனிக்கு நடுப்பகலில் நேர்வெயில் கிடையாது. பாதுகாப்பான இடமென்று நம்பி நிழல் விரும்பும் பெரணியை வைத்த வடக்குப் பால்கனியில் வெயில் எட்டிப் பார்க்கும். டிசம்பரிலோ சூரியன் தெற்கே சாய்ந்து தெற்குப் பால்கனியின் உட்சுவர் வரை வெளிச்சம் பாயும். ஆண்டு முழுவதும் மோசமான திசை மேற்கு. காற்று ஏற்கெனவே சூடேறிய மூன்று மணிக்குச் சாய்வாக நுழையும் வெயிலை மேலே கட்டிய வலை தடுக்காது; அதற்குப் பக்கவாட்டில் திரை வேண்டும். எதிரே கண்ணாடி முகப்புள்ள அலுவலகக் கட்டடம் இருந்தால் கிழக்குப் பால்கனிக்கும் மாலைவெயில் திரும்பி வரும். வலை வாங்கும் முன் ஒரு நாள் முழுவதும் வெயில் எங்கே நகர்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்வது செலவில்லாத முதல் பாதுகாப்பு.

நிழலை முதலில் போட்டுப் பிறகு பயிர் வைப்பது நம் மண்ணுக்குப் புதிய தத்துவம் இல்லை. சோழவந்தானிலும் கரூர், கும்பகோணம் வட்டாரங்களிலும் வெற்றிலைக் கொடிக்கால் போடும் உழவர் முதலில் விதைப்பது அகத்தியை. அது வளர்ந்து நிழலும் பற்றுக்கோலும் ஆன பிறகே கொடி நடப்படும். சுற்றிலும் வேலி அடர்ந்து வெப்பக் காற்றைத் தடுக்கும். இந்தக் குளிர்ச்சிக்குள்தான் வெற்றிலை மென்மையாக வளர்கிறது. குடகிலும் சிக்கமகளூரிலும் காபித் தோட்டக்காரர் நிழல்மரத்தின் கிளைகளைப் பருவத்துக்கேற்ப கழித்து வெளிச்சத்தின் அளவைக் கூட்டிக் குறைக்கிறார். ஹைதர் அலி 1760இல் தொடங்கிய லால்பாக்கின் வரலாற்றோடும், இந்நகரின் பூ, கீரைத் தோட்டங்களோடும் பிணைந்தவர்கள் திகளர்கள். தமிழ்நிலத்திலிருந்து வந்தவர்களாகக் கருதப்படும் சமூகம், கரகத் திருவிழாவின் சொந்தக்காரர்கள். அவர்களுடைய தோட்டங்கள் ஏரிகளை ஒட்டி, ஈர மண்ணில், திறந்த நிலத்தில் இருந்தன. அப்படியொரு நீர்நிலையான சம்பங்கி ஏரியின் படுகையில் இன்று கண்டீரவா விளையாட்டரங்கம் நிற்கிறது. ஏரியும் மரமும் சேர்ந்து இலவசமாகத் தந்த குளிர்ச்சி போய்விட்டது. பூச்செடிகளை மட்டும் பிடுங்கி வந்து ஆறாவது மாடியில் வைத்திருக்கிறோம். போன குளிர்ச்சிக்குப் பதிலாக ஏதேனும் ஏற்பாடு செய்துதானே ஆக வேண்டும்?

அந்த ஏற்பாடு எளிதானது; ஆனால் அளவறிந்து செய்ய வேண்டியது. கடைகளில் 35, 50, 75, 90 விழுக்காடு என்று நிழல்வலைகள் கிடைக்கின்றன. வலை எவ்வளவு ஒளியைத் தடுக்கும் என்பதையே அந்த எண் குறிக்கிறது. காய்கறிக்கும் பூச்செடிக்கும் 35 முதல் 50 போதும். பெரணி, ஆந்தூரியம், ஆர்க்கிட், புதிதாக நட்ட நாற்று ஆகியவற்றுக்கு 75 பொருந்தும். வலை செடியின் தலையைத் தொடக் கூடாது; இரண்டு மூன்று அடியாவது இடைவெளி விட்டால்தான் சூடான காற்று வெளியேறும். காற்றுக்குச் சுவரைவிட வலையே மேல். முழுச்சுவரில் மோதிய காற்று மேலே ஏறி மறுபக்கம் சுழன்று விழும். கைப்பிடிச் சுவரின் பின்னால் பதுங்கிய தொட்டிகள் உருள்வது அதனால்தான். பாதி காற்றை உள்ளேவிட்டு வேகத்தை மட்டும் தணிக்கும் தடுப்பு, தன் உயரத்தைப் போல ஏறத்தாழ பத்து மடங்கு தொலைவு வரை பாதுகாப்பு தருகிறது. உழவர்கள் வரப்போரம் சவுக்கும் அகத்தியும் வைப்பதன் அறிவியல் இதுவே. மேற்குப் பக்கம் நிறுத்திய 50 விழுக்காட்டு வலை ஒன்று கோடையில் வெயிலையும் ஆனியிலும் ஆடியிலும் காற்றையும் சேர்த்தே தடுக்கும். தொட்டி மண்ணின் மேல் இரண்டு அங்குலத்துக்குச் சருகு மூடாக்கு, கறுப்புப் பைக்குப் பதில் மண்தொட்டி அல்லது வெள்ளைச் சாக்குச் சுற்று, தொட்டிகளைப் பிரித்து வைக்காமல் கூட்டமாக வைப்பது ஆகியவை இதன் துணைகள். தெருவோரம் குவித்து எரிக்கப்படும் அந்தச் சருகுதான் மூடாக்குக்கான சரக்கு.

இந்த வாதத்துக்கு எழக்கூடிய முதல் மறுப்பு அறம் சார்ந்தது. குடிக்கவே நீரில்லாதபோது பொழுதுபோக்குத் தோட்டத்துக்கு வலை கட்டுவது பற்றிக் கட்டுரையா என்று கேட்கலாம். குடிநீருக்கே முதலிடம், அதில் இருவேறு கருத்து இல்லை. ஆனால் தடை, செடி வளர்ப்பவருக்கு இரண்டு வழிகளை மட்டுமே விட்டது: திருட்டுத்தனமாக ஊற்றுவது, அல்லது சாகவிடுவது. தேவையையே குறைப்பது என்ற மூன்றாம் வழியை யாரும் எடுத்துச் சொல்லவில்லை. சாகவிட்ட தோட்டம் ஜூனில் புதிய செடிகளோடு மறுபடி தொடங்கும். இளஞ்செடி வேர்பிடிக்க மேலும் கவனமும் நீரும் கேட்கும். தோட்டங்கள் எல்லாமே அலங்காரமும் இல்லை. கீரைக்கும் பச்சை மிளகாய்க்கும் கடைக்குப் போகாத குடும்பங்கள் இந்நகரில் நிறைய உண்டு. செடிகள் நிறைந்த மாடிக்குக் கீழிருக்கும் அறை வெற்று மாடிக்குக் கீழிருக்கும் அறையைவிடச் சூடு குறைந்தது. நீரைச் சேமிக்கும் நோக்கம் உண்மையானால் நிழல் அந்த நோக்கத்தின் எதிரியாக முடியாது.

இரண்டாவது மறுப்பு அனுபவசாலிகளிடமிருந்து வரும்: நிழலில் செடி நெட்டையாகிவிடும், பூக்காது, காய்க்காது. சரியான எச்சரிக்கை. பச்சை வலையை ஒருமுறை கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் இறக்காமல் இருப்பவர்களின் மாடியில் நடப்பது இதுவே. தவறு வலையின் மீதா, இறக்காதவரின் மீதா என்று பார்க்க வேண்டும். பெங்களூருவில் நிழல் தேவைப்படுவது பிப்ரவரி பிற்பாதியிலிருந்து மே முடிய. ஜூனில் மேகம் கவிந்ததும் மேல்வலையைச் சுருட்டிவிட வேண்டும். பக்கத்திரை மட்டும் காற்றுக்காக இருக்கட்டும். ஆண்டு முழுக்க 90 விழுக்காட்டு வலைக்குக் கீழே வைத்து மல்லிகை பூக்கவில்லை என்று வருந்துவதில் பொருளில்லை. எல்லாப் பயிருக்கும் வலை வேண்டியதுமில்லை. தண்டுக்கீரை, முளைக்கீரை, சோளம் போன்றவை கடும் வெளிச்சத்தைக் கையாளும் உடலமைப்பு கொண்டவை. வெயில் பக்கத்து வரிசையை அவற்றுக்குக் கொடுத்து அவற்றின் நிழலில் கொத்தமல்லியை வைக்கலாம். காற்றுக்கும் இதே அளவுமுறை உண்டு. மெல்லிய அசைவு தண்டை உறுதியாக்கும். அதனால்தான் முழுச்சுவர் வேண்டாம் என்று சொல்கிறோம்.

மூன்றாவது மறுப்பு: இவ்வளவு பிளாஸ்டிக் வலையை நகரெங்கும் கட்டுவது எந்தச் சூழல் நியாயம்? இதை ஒதுக்கித் தள்ள முடியாது. மலிவான வலை இரண்டு மூன்று கோடைகளில் நைந்து இழை இழையாகக் காற்றில் பறக்கும். புற ஊதாக் கதிரைத் தாங்கும்படி தயாரித்த வலையை வாங்கி, தேவையற்ற மாதங்களில் மடித்து உள்ளே வைத்தால் அதன் ஆயுள் கூடும். அதைவிட நல்லது உயிருள்ள நிழல். பந்தலில் ஏற்றிய அவரையும் பீர்க்கையும் புடலையும் காயும் தரும், நிழலும் தரும். தரையில் இடமிருந்தால் முருங்கையும் அகத்தியும் சல்லடை நிழல் தருபவை. கீழே வளர்வதைக் கொல்லாதவை. மூங்கில் தட்டியும் தென்னங்கீற்றும் பழைய தீர்வுகள். நெருப்புக்கு அருகிலும் பலமாடிக் கட்டடத்திலும் அவை ஆபத்து என்பதை மறக்கக் கூடாது. கொடி ஏறி முடிக்க ஒரு பருவம் ஆகும். அதுவரைக்கும் வலை, அதற்குப் பிறகு கொடி என்று திட்டமிட்டால் பிளாஸ்டிக் ஓர் இடைக்கால ஏற்பாடாக நின்றுவிடும்.

நான்காவது மறுப்பு அடுக்குமாடிக் குடியிருப்பு சங்கங்களுடையது: பால்கனிக்குப் பால்கனி வெவ்வேறு நிறத்தில் வலை தொங்கினால் கட்டடத்தின் தோற்றம் கெடும், காற்றில் பிய்த்துக்கொண்டு பறந்தால் கீழே போகிறவர் தலையில் விழும். தோற்றம் பற்றிய கவலைக்கு ஒரே நிறம், ஒரே அளவு என்று சங்கமே முடிவெடுத்தால் தீர்வு உண்டு. பாதுகாப்பு பற்றிய கவலை முழு நியாயமானது. கைப்பிடிச் சுவர் மேல் தொட்டி வைப்பதும் சணல் கயிற்றில் வலை கட்டுவதும் உயரமான கட்டடத்தில் குற்றத்துக்குச் சமம். ஆனால் சங்கத்தின் விதி அத்தனையையும் தடைசெய்வதில் முடிகிறது. எப்படிப் பாதுகாப்பாகக் கட்டுவது என்று சொல்லித் தருவதில் தொடங்க வேண்டும். எந்தக் கொக்கி, எந்தக் கம்பி, கைப்பிடிக்கு உள்ளே எத்தனை அடி, சூறை எச்சரிக்கை வந்தால் யார் கழற்றுவது என்று ஒரு பக்கத்தில் எழுதிவிடலாம்.

நம் மண்ணுக்கான செடிகளையும் வறட்சி தாங்கும் செடிகளையும் மட்டும் வைத்தால் இந்தத் தொல்லையே இல்லையே என்பது ஐந்தாவது மறுப்பு. இதில் பெரும்பகுதி உண்மை. குளிர்மலைச் செடிகளை மார்ச்சில் வாங்கி மே மாதத்தில் குப்பையில் போடுவது வீண். ஆனால் தரையில் வறட்சி தாங்கும் செடி, தொட்டியில் தாங்கும் என்று சொல்ல முடியாது. தரையில் வேர் ஆழத்துக்குப் போய்க் குளிர்ச்சியைத் தேடிக்கொள்ளும். நேர்வெயிலில் நிற்கும் கறுப்புத் தொட்டியில் வேர் போய்ச் சேரும் இடம் சுட்டுக்கொண்டிருக்கும் சுவர்தான். செம்பருத்தியும் அரளியும்கூடத் தொட்டியில் தவிப்பதற்குக் காரணம் அது. செடித் தேர்வு நிழலின் தேவையைக் குறைக்கும், நீக்காது.

இவற்றில் அரசு செய்ய வேண்டியதும் உண்டு. தோட்டக்கலை இயக்கத்தின் கீழ் நிழல்வலைக் குடில் அமைக்கும் உழவருக்குச் செலவில் பாதியை மானியமாகத் தரும் திட்டம் நாடெங்கும் நடைமுறையில் இருந்துவருகிறது. வணிகப் பயிருக்கு நிழல் ஓர் இடுபொருள் என்று அரசே ஏற்றுக்கொண்டதன் அடையாளம் அது. நகரத்துக்கு வரும்போது அந்த அறிவு காணாமல் போகிறது. தமிழ்நாடு அரசு பாதி மானியத்தில் 450 ரூபாய்க்குக் கொடுத்த மாடித் தோட்டத் தொகுப்பில் வளர்ப்புப் பைகள், தென்னை நார்க்கட்டிகள், விதைகள், உயிர் உரம், வேம்பு மருந்து, கையேடு எல்லாம் இருந்தன, நிழல்வலை இல்லை. நல்ல திட்டம்தான், முதல் கோடையில் கருகும்படி அமைந்த நல்ல திட்டம். கர்நாடகம் இதே வழியில் நகர்ப்புறத் தோட்டத்தை ஊக்குவிக்க நினைத்தால் அந்த விடுபடலைத் திருத்திக்கொண்டு தொடங்கலாம். 2025 செப்டம்பரில் மாநகராட்சி ஐந்தாகப் பிரிந்து கிரேட்டர் பெங்களூரு ஆணையத்தின் கீழ் வந்திருக்கிறது. ஐந்தும் தங்கள் கட்டட விதிகளில் பாதுகாப்பான நிழல் அமைப்புக்கு இடம் தரட்டும். லால்பாக்கை ஒட்டிய சித்தாபுரா நர்சரிகள் முதல் லால்பாக்கில் ஜனவரியிலும் ஆகஸ்டிலும் நடக்கும் மலர்க் கண்காட்சி வரை, விற்கும் ஒவ்வொரு செடியோடும் அது எத்தனை மணி நேர வெயிலைத் தாங்கும் என்று எழுதிய அட்டை ஒன்று சேரட்டும். தண்ணீர்த் தடை அறிவிக்கும் வாரியம், அதே அறிவிப்பில் மூடாக்கையும் நிழலையும் பற்றி நான்கு வரி சேர்க்கட்டும்.

எல்லா வலைகளையும்விடப் பெரிய வலை தெருமரம். 1908இல் மைசூர் அரசின் பணிக்கு வந்த ஜெர்மானியத் தோட்டக்கலைஞர் க்ரும்பீகல், ஒன்று ஓய்ந்தால் மற்றொன்று பூக்கும்படி இந்நகரின் சாலைகளுக்கு மரங்களைத் தேர்ந்தெடுத்தார். அந்த நிழலின் கீழ் வளர்ந்த வீட்டுத் தோட்டங்களே பெங்களூருவுக்குத் தோட்ட நகரம் என்ற பெயரைக் காப்பாற்றின. பசவேசுவரா வட்டத்திலிருந்து ஹெப்பாள் வரை திட்டமிட்ட எஃகு மேம்பாலத்துக்காக 812 மரங்களை வெட்டுவதை எதிர்த்து 2016இல் மக்கள் தெருவில் நின்றார்கள். 2017இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. மரம் விழுந்து ஆள் சாகும் நகரில் மரத்துக்காக வாதாடுவதா என்ற கேள்வி ஒவ்வொரு மே மாதமும் எழுகிறது. வேரைச் சுற்றிச் சிமென்ட் பூசி, ஒரு பக்கக் கிளைகளை மட்டும் வெட்டி நிறுத்திய மரம் காற்றில் விழும். வேருக்கு மண் விட்டு, கிளைகளை முறையாகக் கவாத்து செய்து, எளிதில் முறியாத இனங்களைத் தேர்ந்து நட்டால் அந்த மரமே காற்றைத் தணிக்கும். அதற்கான செலவை மாநகராட்சிகள் குடிநீர்க் கணக்கின் ஒரு பகுதியாகவே பார்க்க வேண்டும்.

வாசகர் செய்யக்கூடியது இதில் எதற்கும் காத்திருக்கவில்லை. அடுத்த பிப்ரவரி முடிவதற்குள், புதிய செடி ஒன்று வாங்க எடுத்து வைத்திருக்கும் பணத்தில் அளவான வலையும் உறுதியான கொக்கிகளும் வாங்குங்கள். மேற்கை முதலில் மறையுங்கள், தொட்டி மண்ணைச் சருகால் மூடுங்கள், ஜூனில் மேல்வலையை இறக்குங்கள். அதற்குப் பிறகும் செடி கேட்கும் தண்ணீரை மனம் உறுத்தாமல் ஊற்றலாம். அது முன்பைவிடக் குறைவாகவே இருக்கும்.